சீரியல் எழுதப் போகிறேன், ஹிட் ஆனால் என்ன போகும்?

1 ஜூன் 2025 (கேள்வி)

குடவாசல் பக்கம் எனக்கு. வயது 27. ஒரு சேனலில் வசனம் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு இரண்டு எபிசோட் எழுதிக் கொடுத்தேன், பிடித்துவிட்டது. ஓடாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஊருக்குத் திரும்பி அப்பாவின் உரக்கடையில் உட்காருவேன். திடீரென்று ஓடிவிட்டால்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தூக்கம் போகும் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

2 ஜூன் 2025, இரவு 11.40 (பதில்)

தூக்கம் போகும். சரி, அதைச் சொல்லி முடித்துவிட்டேன்.

நான் நாலு வருஷம் எழுதினேன். ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில். தொடர் 2021-ல் ஆரம்பித்தது, மூன்றாவது மாதமே மேலே போய்விட்டது. பெயர் வேண்டாம். கண்டுபிடித்தாலும் இங்கே போடாதீர்கள்.

வேலையின் அளவு இதுதான். வாரம் ஆறு எபிசோட். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபத்துச் சொச்சம் நிமிஷம். எபிசோடுக்கு ஆறேழு சீன், ஆக வாரத்துக்கு நாற்பது சீன். கையிருப்பாக முடித்து வைக்கிற எபிசோடுகளுக்கு 'பேங்க்' என்று பெயர். தொடங்கும்போது பன்னிரண்டு எபிசோட் இருந்தது. ஹிட் ஆன பிறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏனென்றால் வியாழக்கிழமை நம்பர் வரும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற டிஆர்பி. பார்க் என்கிற அமைப்பு சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரமாகக் கணக்கு வைத்து அடுத்த வியாழன் வெளியிடும். நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர். உங்கள் சீரியலின் தலையெழுத்து, எங்கேயோ யாரோ ரிமோட்டை எடுத்த நிமிஷத்தில் இருக்கிறது. நம்பர் ஏறினால் "இதே டிராக்கை (கதைப்போக்கை) இழுங்க" என்பார்கள், இறங்கினால் "டிராக்கை மாத்துங்க" என்பார்கள். எப்படியும் எழுதி வைத்தது குப்பைக்குப் போகும்.

இதெல்லாம் சிரமம்தான், ஆனால் நீங்கள் கேட்டது இது இல்லை என்று புரிகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

4 ஜூன் 2025

நாளைக்கு என்றது இன்றைக்குத்தான் முடிந்தது.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, இருபத்து மூன்று வயதில் தாலி அறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கப்புறம் எங்கேயும் போகவில்லை. நடவுக்கு, களையெடுப்புக்கு, மாட்டுக்கு, எங்களைத் தூக்கி வளர்க்க என்று எல்லாவற்றுக்கும் அத்தைதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. எங்கள் கொல்லையில் நின்ற 64 தென்னையில் நின்றது ஒன்பது. இருபத்து மூன்று நாள் கரண்ட் இல்லை. நான் அப்போது சென்னையில் உதவி இயக்குநர், அதாவது வேலை இல்லாதவன். ஊருக்கு வந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி மற்றவர்கள் படுத்துவிட்டார்கள். சிம்னி விளக்கு. அத்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னது:

"நாப்பது வருஷமா இந்த வீட்ல சாப்புடுறேன். சோறு போடுற கைய நான் பாத்ததே இல்ல தம்பி. தட்டத்தான் பாத்துருக்கேன்."

அழவில்லை. விளக்குத் திரியை இறக்கிவிட்டுப் படுத்துவிட்டது.

அந்த வரி மூன்று வருஷம் என்னிடம் இருந்தது. 2021-ல் ஒரு வியாழக்கிழமை நம்பர் இறங்கியிருந்தது. அன்று ராத்திரி எடுத்துப் போட்டுவிட்டேன். முதலில் அதை ஒரு ஏழைச் சித்தி பாத்திரத்துக்குத்தான் எழுதினேன். மீட்டிங்கில் "இது பாவமா இருக்கு, பவரா இல்ல" என்றார்கள். வில்லிக்கு மாற்றினேன். "இந்த வீட்ல சோறு திங்கிறவ போடுற கைய நிமிந்து பாக்கக் கூடாது. தட்டத்தான் பாக்கணும்." எபிசோட் முடிகிற இடத்தில் வைத்தேன். அதை அப்படியே வெட்டி ப்ரோமோ போட்டார்கள், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை, ஒரு வாரம். ஹாஸ்டல் மெஸ், கல்யாணப் பந்தி, மாமியார் வீடு என்று எல்லா மீமிலும் அந்த முகம். அப்புறம் தெலுங்கில் ரீமேக் ஆனது, அங்கேயும் அந்த வரி போனது. அத்தை மன்னார்குடியைத் தாண்டினதில்லை.

அத்தை மனசு உடைந்துபோனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் நான் ஊருக்குப் போனால் என் முன்னால் யாரும் பேசுவதில்லை. திண்ணையில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் செருப்பைக் கழற்றும்போதே மழை பெய்யுமா பெய்யாதா என்று பேச்சு மாறிவிடும். "ஏய், எழுதிப்புடுவான்" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எழுத வந்ததே இந்தப் பேச்சை வைத்துத்தான். ஹிட் ஆனால் என்ன போகும் என்று கேட்டீர்களே, அது இது.

5 ஜூன் 2025

"வெளியில் உங்களை அடையாளம் தெரியுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாது. மன்னை எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்தில் ஒரு அம்மா நீடாமங்கலம் தாண்டியதிலிருந்து என் சீரியலைப் போனில் பார்த்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "இத எழுதுறவனுக்கு அக்கா தங்கச்சி கெடையாதா தம்பி?" என்றார். "இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு அக்கா.

15 ஜூன் 2025

இன்றைக்குக் கல்லணை திறந்தார்கள். மேட்டூர் 12-ஆம் தேதியே திறந்துவிட்டது. அண்ணன் நாற்றங்காலுக்கு விதை ஊற வைத்திருக்கிறார்.

முன்கூட்டிய வருமான வரியின் முதல் தவணைக்கும் இன்றுதான் கடைசி நாள். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. எழுதி ஒட்டி வையுங்கள். எனக்கு இது இரண்டாவது வருஷம்தான் தெரியவந்தது. கம்பெனி 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைப் போடுகிறது, அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். மீதியில் வீட்டுக்கு மாடி எடுத்தேன், அண்ணன் டிராக்டர் கடனை அடைத்தேன், கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு பெரிய தொகை எழுதினேன். பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'டிவி புகழ்' என்று போட்டிருந்தார்கள். முன்பு மொய் 201 எழுதுகிற குடும்பம், 5,001 எழுத ஆரம்பித்தோம். அப்புறம் ஆடிட்டர் ஒரு தொகை சொன்னார். வட்டியோடு. மாடிக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி இருப்பதற்கு அதுதான் காரணம்.

16 ஜூன் 2025

திருத்தம். நேற்று நாலு தவணை என்று எழுதினேன். 44ஏடிஏ என்ற பிரிவில் உத்தேச வருமானமாகக் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை போதும் என்று இழையில் ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். நீங்கள் எதில் வருவீர்கள் என்று ஆடிட்டரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், என் யோக்கியதை மேலே இருக்கிறது.

28 ஜூன் 2025, அதிகாலை 2.10

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

அப்பா சீரியல் பார்க்க மாட்டார். திருச்சி வானொலி கேட்கிற ஆள். நான் எழுத வந்ததும் தினம் நேரத்துக்கு டிவி முன்னால் வந்து உட்காருவார். தலைப்புப் பாட்டு ஓடி, 'வசனம்' என்று என் பேர் வந்ததும் எழுந்து போய்விடுவார். "அழுவுறத எதுக்குப் பாக்கணும், அதான் பேரப் பாத்தாச்சுல்ல."

2022-ல் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கல்லணையில் 27-ஆம் தேதி விட்டார்கள். அப்பா 28 காலையில் போய்விட்டார். சனிக்கிழமை.

காரைப் பிடித்து வருகிற வழியெல்லாம் போன். திங்கட்கிழமை எபிசோடுக்கு மூன்று சீன் பாக்கி. பேங்க் சுத்தமாகக் காலி. நான் வந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டேன், அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து போனில் எழுதினேன். பறைச் சத்தத்தில் நடிகை பேசுகிற வரியை வாய்க்குள் சொல்லிப் பார்க்க முடியவில்லை, அதனால் ஒரு காதில் விரலை வைத்துக்கொண்டேன். மூன்று சீனையும் அனுப்பிவிட்டு வந்தால் எடுக்க நேரமாகிவிட்டது என்று எனக்காக நிற்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. போர் மோட்டாரைப் போட்டுத்தான் எல்லோரும் தலை முழுகினோம்.

பதினாறாம் நாள் ஜூன் 12. வழக்கமாக மேட்டூரையே அன்றைக்குத்தான் திறப்பார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நான் பார்க்கவில்லை, அண்ணன் அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். செட்டில் இருந்தேன்.

சாவு வீட்டில்கூட எழுத வைக்கிற தொழில் இது. தெரிந்துகொண்டு போங்கள்.

2 ஜூலை 2025

மேலே கடைசியில் எழுதியதை நாலு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது பொய்.

யாரும் எழுத வைக்கவில்லை. காரில் வந்த போன் என்ன சொன்னது தெரியுமா? "சார், நீங்க அப்பாவப் பாருங்க, நாங்க சமாளிச்சுக்கிறோம்." இணை இயக்குநர் ஒரு பையன், அவனே எழுதிவிடுவதாகச் சொன்னான். நல்லாவே எழுதுவான். அதுதான் எனக்குப் பயம். ஒரு எபிசோட் அவன் எழுதி, அந்த வாரம் நம்பர் ஏறிவிட்டால்?

அதனால் வற்புறுத்தி நானே எழுதினேன். "அப்பா சாவுலகூட சார் எழுதி அனுப்பினாரு" என்று செட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள், நானும் ஒரு வருஷம் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாரம் நம்பர் ஏறியது.

3 ஜூலை 2025

இல்லை, நான் நலமாகத்தான் இருக்கிறேன். இன்பாக்ஸில் விசாரித்தவர்களுக்கு நன்றி. சுகர் இருக்கிறது, 34 வயதில் வந்தது. அதைத் தனிக் குறிப்பாக எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்தே இருந்தால் வரும்.

19 ஜூலை 2025

கேள்வி கேட்ட தம்பி "டெல்டா பேச்சை அப்படியே எழுதலாமா" என்கிறார்.

முதல் வாரம் கேட்பார்கள். "மண் வாசனை வேணும் சார்." சேனலுக்குத் தஞ்சாவூர் என்றால் பித்தளை டபரா, திண்ணை, தூரத்தில் கோபுரம். எங்கள் வீட்டில் காலையில் நீராகாரம், பத்து மணிக்குக் கடைத் தேநீர். செட் போட்டது சென்னை ஈசிஆரில் ஒரு பங்களா. தென்னை மரம் இருக்கிறது, அதனால் டெல்டா.

இரண்டாவது மாதம் 'நாத்தங்கால்' என்று எழுதினேன், 'வயல்' என்று திருத்தி வந்தது. 'மடைய வெட்டி விடு' என்பது 'தண்ணி திறந்து விடு' ஆனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாயகிக்குத் தமிழ் தெரியாது. ப்ராம்ப்டர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரியைச் சொல்லுவார், அவர் கேட்டுத் திரும்பச் சொல்லுவார், அப்புறம் வேறொருவர் குரல் கொடுப்பார். ப்ராம்ப்டர் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய நீளத்துக்கு மேல் வரி போனால் அங்கேயே உடைத்துவிடுவார்கள். ஆறு சொல், ஏழு சொல். நம் ஊரில் யார் ஆறு சொல்லில் பேச்சை நிறுத்துகிறார்கள்? எங்கள் சித்தப்பா ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பாமணி ஆற்றில் இறங்கி, அந்தக் கரை ஏறி, யார் வீட்டுக் கல்யாணமோ போய்விட்டுத்தான் வினைச்சொல்லுக்கு வருவார்.

நாலு வருஷத்தில் நானும் ஆறு சொல்லில் பேச ஆரம்பித்துவிட்டேன். பேச்சின் கடைசியில் ஒரு கொக்கி வேறு. மனைவியிடம் போனில், "உன்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவேனாம். அவள் பதறிப்போய் என்ன என்றால், "சாவி ஜன்னல்ல இருக்கு" என்பேனாம். "மனுஷன் மாதிரி பேசுங்க, தொடரும் போடாதீங்க" என்று ஒருநாள் கத்திவிட்டாள்.

அப்புறம் ஒப்பந்தம். எல்லா உரிமையும், எல்லா மொழியிலும், என்றைக்கும் அவர்களுக்கே என்று ஒரு பத்தி இருக்கும். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி எழுத்தாளருடைய ராயல்டி பங்குக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தது கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம் கழித்து. நீங்கள் முன்னால் படியுங்கள், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

20 ஜூலை 2025

"ரூபவாஹினி காலத்தில் இதெல்லாம் இல்லை" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வேதாரண்யம் பக்கம் ஆளாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலும் ஆன்டெனாவைத் திருப்பி இலங்கையைப் பிடித்திருக்கிறோம். கூரையில் அண்ணன், வாசலில் நான், உள்ளே அத்தை. "தெரியுது தெரியுது" என்று உள்ளிருந்து கத்துகிற வேலை அத்தைக்கு. அத்தை கத்தி நான் கேட்டது அந்த ஒரு வேலையில்தான்.

11 செப்டம்பர் 2025

அண்ணி போன் செய்தார். இந்தக் குறிப்புகளை அண்ணன் மகள் காட்டியிருக்கிறாள். ஊர்ப் பெயர் போடாமல் எழுதினால் தெரியாது என்று நினைத்த என்னை என்ன சொல்ல.

"தம்பி, நீங்க எழுதுனதுல ஒன்னு தப்பு" என்றார்.

ஜூன் 4-ஆம் தேதி நான் எழுதியதைத்தான் சொன்னார். அத்தை மனசு உடையவே இல்லையாம். ப்ரோமோ வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டதாம், "இது நான் சொன்னதுல்ல" என்று சிரித்ததாம். பக்கத்து வீட்டுக்குப் போய், நடவு ஆட்களிடம், எல்லோரிடமும் "அந்தப் பொம்பள பேசுறது நம்ம பேச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். நான் போகும்போது பேசாததற்குக் காரணம் வேறு. அடுத்து எதைச் சொன்னால் டிவியில் போடுவேன் என்று யோசித்துக்கொண்டு இருக்குமாம்.

"அப்ப மனசு ஒடஞ்சது யாரு அண்ணி?"

"சோறு போட்ட கை யாரு கை தம்பி?"

எனக்கு நிஜமாகவே அந்த நிமிஷம் வரைக்கும் தோன்றவில்லை. அத்தைக்கு நாற்பது வருஷம் சோறு போட்டது என் அம்மா.

ஒரு வாரம், நாளைக்கு நாற்பது தடவை, தன் வீட்டு ஹாலில், தான் பெற்ற பிள்ளை எழுதி, அம்மா அதைக் கேட்டிருக்கிறார். வில்லி வாயில். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்து பரிமாறுவதை நிறுத்திவிட்டாராம். பானை, குழம்புச் சட்டி, ஆப்பை எல்லாவற்றையும் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, "எடுத்துப் போட்டுக்குங்க" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். இது எனக்குத் தெரியும்! நானும்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன், நாலு வருஷமாக. முட்டி வலி, குனிய முடியவில்லை என்று நினைத்து, மன்னார்குடியில் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்து, நாலு கால் மேஜை நாற்காலி வாங்கிப் போட்டேன். ஹிட் சீரியல் எழுதியவன். யார் எதை மனசில் வைத்துக்கொண்டு எதைச் செய்கிறார்கள் என்று வாரத்துக்கு நாற்பது சீன்.

12 செப்டம்பர் 2025

அத்தையின் வரி அநியாயமா என்று கேட்கிறீர்கள். அநியாயம் இல்லை. அம்மா அத்தையைத் திட்டி நான் பார்த்ததில்லை, ஆனால் அத்தை தட்டில் மீன் துண்டு எப்போதும் வால் பக்கம். இரண்டும் எனக்குத் தெரியும். அதை இரண்டு பேர் விளக்கு வெளிச்சத்தில் பேசிக்கொள்ளலாம். நாற்பது தடவை போட்டிருக்கக் கூடாது. அல்லது போட்டிருக்கலாம், வில்லிக்குக் கொடுத்திருக்கக் கூடாது. தெரியவில்லை, இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

14 அக்டோபர் 2025

அண்ணன் குறுவை அறுத்துவிட்டார். நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது, மழை வேறு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஒரு கை நெல்லைச் சின்ன மெஷினில் போட்டு நம்பர் பார்க்கிறார்கள். அண்ணன் சொன்னார், "நீ வியாழக்கிழமை ஒக்காந்துருப்பியே, அது மாதிரி ஒக்காந்துருக்கேன்." என் வேலையைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் இது. தார்ப்பாய் வாங்கப் பணம் அனுப்பினேன்.

23 அக்டோபர் 2025

தீபாவளிக்குப் போய் வந்தேன்.

அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ரயிலில் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஆறு சொல்லில் இருந்தது. விட்டுவிட்டேன்.

மத்தியானம் கறிக்குழம்பு. வழக்கம்போல எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு அம்மா உள்ளே போனார். நான் எழுந்து ஆப்பையை எடுத்து அத்தை தட்டில் போடப் போனேன். நாலு கரண்டி ஊற்றியிருப்பேன், பாதி மேஜையில்.

"ஒக்காருடா. மேசைக்கா ஊத்துற?" என்று அத்தை கத்தியது. ஆன்டெனா காலத்துச் சத்தம். அம்மா அடுப்படியிலிருந்து துணியோடு வந்து, மேஜையைத் துடைத்து, என் கையிலிருந்து ஆப்பையைப் பிடுங்கினார். அத்தைக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். எனக்கு ஊற்றவில்லை. துணியை என் தோளில் போட்டுவிட்டு, "எடுத்துப் போட்டுக்க" என்று போய்விட்டார்.

29 அக்டோபர் 2025

தம்பி, சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. முதல் மாதப் பணம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அது உங்கள் பணம் இல்லை. மொய் 201-லேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் பரிமாறுகிறார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், இங்கே எழுதவும் வேண்டாம்.